கேஸ் ஷீட்டின் முதல் வரி

மார்ச் 4

அக்காவுக்கு,

உன் முகவரியைச் சித்தியிடம் கெஞ்சி வாங்கினேன். அவளைத் திட்டாதே. "அவ படிக்காமலே கிழிச்சுப் போட்டா என்னைக் கேக்காத" என்று சொல்லித்தான் தந்தாள்.

இரண்டு வருடமாக உனக்கு எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். இன்று எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. கடைசி வருடப் பரீட்சையில் ஒரே ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். மகப்பேறு மருத்துவம். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். செய்முறையில்தான் போயிற்று.

செய்முறையில் ஒரு கர்ப்பிணியிடம் நம்மை விடுவார்கள். அவரிடம் கேட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிறகு பேராசிரியரிடம் ஒப்பிக்க வேண்டும். முதல் வரி எப்போதும் ஒன்றேதான்: எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், எத்தனை தங்கியது, எத்தனை போனது. பேராசிரியர் கேட்டார், "சொல்லுங்க, எத்தனையாவது?" எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதியும் வைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் மாமியார் வெந்நீர் பாட்டிலோடு நின்றிருந்தார். என் வாய் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டார். பிறகு, "நீங்க போகலாம்" என்றார்.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்ததை நானே ஒரு முறை எழுதிவிடுகிறேன். உன் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போன மறுநாள், நான் வெள்ளைக் கோட்டோடு உன்னைப் பார்க்க வந்தேன். கோட்டு போட்டுக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தேன். அத்தானும் உன் மாமியாரும் இருந்தார்கள். "ஜி டூன்னு போட்டிருக்காங்க. ஜின்னா எத்தனையாவது கர்ப்பம்னு அர்த்தம். இது முதல் தடவைதானே, தப்பா எழுதிட்டாங்க, நான் திருத்தச் சொல்றேன்" என்றேன். நர்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். "அவங்க சொன்னதைத்தான் எழுதினோம்" என்றார் நர்ஸ்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆர்வக்கோளாறில் செய்துவிட்டேன். மன்னித்துவிடு.

தம்பி

*

மார்ச் 19

டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். கவரின் ஓரம் கிழிந்ததும் படித்துவிட்டேன்.

ஆர்வக்கோளாறு இல்லை. பெருமை. ஒரு புது எழுத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று நாலு பேருக்குக் காட்டும் பெருமை. சரியான வார்த்தையைப் போட்டு மன்னிப்புக் கேட்டால் அடுத்த முறை யோசிக்கிறேன்.

நீ அன்று ரயிலேறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் மாமியார் தன் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. உன் அத்தான் பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். நாலு மாதம். லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் கதவைத் திறந்துவிடுகிற மனிதர், வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு குழந்தையைப் புதைத்திருந்தேன். அழக்கூட வாய்ப்பில்லை. குற்றவாளி எப்படி அழுவாள்?

பரீட்சையில் உன் வாய் அடைத்ததற்கு நான் காரணமில்லை. அந்தப் பழியைக் கொண்டுவந்து என் வாசலில் வைக்காதே.

போன் நம்பரை மாற்றிவிட்டேன். கேட்காதே. போனில் பேசினால் நான் கத்துவேன். எழுதுவதானால் எழுது. இரண்டு நிபந்தனை. ஒன்று, எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கக் கூடாது. இரண்டு, நீ படிக்கும் அந்தப் பாடத்தை எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்ப வேண்டும். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து "இது தெளிவா, அதுவா" என்று நாள் முழுக்க ஜனங்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு. உன் எழுத்தையும் அப்படியே சோதித்து மதிப்பெண் போடுகிறேன்.

எதற்கு என்று கேட்காதே. பொழுது போகவில்லை என்று வைத்துக்கொள்.

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பெருமைதான். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல் பாடம். கர்ப்ப காலமானது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படும் இருநூற்று எண்பது நாட்களாகும். பிரசவத் தேதியை அறிய, அந்த முதல் நாளுடன் ஒன்பது மாதங்களும் ஏழு நாட்களும் கூட்டப்படும். மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்கற்ற பெண்களில் ஆரம்பகால ஸ்கேன் மூலம் தேதி உறுதிசெய்யப்படும்.

மறுதேர்வு செப்டம்பரில். தோற்றவர்கள் ஆறு பேர். மற்றவர்களெல்லாம் பயிற்சி டாக்டர்களாகிக் கழுத்தில் குழாயோடு திரிகிறார்கள். நாங்கள் பழைய வகுப்பறையில் ரப்பர் பொம்மையை வைத்துப் பழகுகிறோம். ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு, அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டிய ஒரு பொம்மைக் குழந்தை. எத்தனையோ வருட மாணவர்கள் பிரசவம் பார்த்துப் பார்த்து அதன் கழுத்து தொய்ந்துவிட்டது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் மறுபடி பின்னால் திரும்பி எங்களையே பார்க்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முறையை அறைத்தோழனைப் படுக்க வைத்து, சட்டைக்குள் தலையணை திணித்துப் பழகுகிறேன். அவனுக்குக் கூச்சம். தலை எங்கே, கால் எங்கே என்று நான் தேடுவதற்குள் எழுந்து ஓடிவிடுகிறான்.

தம்பி

*

ஏப்ரல் 20

டாக்டர் அவர்களுக்கு,

இருபத்தைந்து மதிப்பெண். அதுவும் பொம்மைக்காக.

"கணக்கிடப்படும்", "கூட்டப்படும்", "உறுதிசெய்யப்படும்". யார் கணக்கிடுகிறார்கள், யார் கூட்டுகிறார்கள்? அந்த அறையில் ஒரு மனுஷி கூட இல்லையா? "உங்களுக்குக் கடைசியா எப்ப வந்தது, தேதி நினைவிருக்கா" என்று கேட்டால் உன் நாக்கு தேய்ந்துவிடுமா?

இன்னொன்று. கடைசியாக வந்த நாளிலிருந்து எண்ணுவதென்றால், குழந்தை உண்டாவதற்கு முன்பே இரண்டு வாரம் கணக்கில் ஏறிவிடுகிறதே. இல்லாத குழந்தைக்கு இரண்டு வார வயதா? இதை நீ விளக்கவில்லை. ஐந்து மதிப்பெண் குறைத்தது இதற்குத்தான்.

கடைக்கு ஒரு பெண் வருகிறாள். முன்னால் ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் போய்விட்டதாம். மறுபடி உண்டாகியிருக்கிறாள். மறுபடியும் அப்படி ஆகுமா என்று கேட்கிறாள். கண்ணாடிக் கடையில் கேட்கிற கேள்வியா என்று கேட்காதே. இருட்டறையில் முகத்துக்கு முன்னால் விளக்கைப் பிடித்தால் ஜனங்கள் என்னவெல்லாமோ சொல்வார்கள்.

புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம். அவளிடம் சொல்வது போல் எழுது.

*

மே 11

அக்காவுக்கு,

இல்லாத குழந்தையின் இரண்டு வாரத்தைப் பற்றிப் பேராசிரியரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். உண்டான நாள் யாருக்கும் சரியாகத் தெரியாது, கடைசியாக வந்த நாள் தெரியும், தெரிந்த இடத்திலிருந்து எண்ணுகிறோம், அவ்வளவுதான் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு: உங்களுக்கு நடந்தது உங்களால் நடந்ததல்ல. மாடிப்படி ஏறியதாலோ, அழுததாலோ, யாரிடமோ எதையோ மறைத்ததாலோ அப்படி ஆகாது. பல சமயம் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும். முன்பு ஒரு முறை அப்படி ஆனவர்களுக்கு அடுத்த முறை ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆவதில்லை. கண்டிப்பாக ஆகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. முன்னால் நடந்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றையும். சொன்னால் அவர்கள் அடிக்கடி வரச்சொல்வார்கள், அடிக்கடி பார்ப்பார்கள்.

இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

போன வாரம் பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம் விவரம் கேட்கச் சொன்னார்கள். சுற்றி அவர் கணவர், அம்மா, நாத்தனார். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். எடை கேட்டேன், உயரம் கேட்டேன். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, எல்லாத்தையும் கேக்குற, கேக்க வேண்டியதை மட்டும் கேக்க மாட்டேங்குற?" என்றார். பிறகு அந்த மூவரையும் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, டாக்டர் வயித்தைப் பாக்கணும்" என்று கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். எத்தனை எளிது. அந்தக் கதவை அன்று நான் சாத்தியிருந்தால் போதுமே என்று தோன்றியது. அன்று நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

தம்பி

*

ஜூன் 8

தம்பி,

ஐம்பத்தைந்து. அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

அந்த முதல் கர்ப்பத்தைப் பற்றி நீ மறந்தும் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்னால். அவன் யார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நல்லவன்தான், தைரியம் கிடையாது. விஷயம் தெரிந்த பிறகு அவனைப் பார்க்கவே முடியவில்லை. பத்தாவது வாரத்தில் கடையில் இருக்கும்போதே இரத்தம் கொட்டியது. காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உட்கார்ந்தால் சீட்டு நனையும் என்று பயம். சுத்தம் செய்து சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளி விழாவுக்குச் சட்டை தேய்த்துத் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாய். தேய்த்துத் தந்தேன். அம்மா கடைசிவரை அறியாமலே போனாள்.

பிறகு ஏழாம் மாதத்தில் நர்ஸ் கேட்டபோது ஏன் உண்மையைச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அது உதவுமோ என்றுதான் சொன்னேன். வேறொன்றுமில்லை.

உன் அத்தான் நாலு மாதம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து வந்தார். கையில் கிரீஸ். கழுவாமலே வந்து அடுப்படி வாசலில் நின்று, "அப்ப நீ தனியாவா ஆஸ்பத்திரிக்குப் போன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் அவர் கேட்டது. பாய் உள்ளே வந்துவிட்டது.

வயிற்றில் அசைவு எப்போது தெரியும் என்று அந்தப் பெண் கேட்கிறாள். போன தடவை எப்போது தெரிந்தது என்பதே அவளுக்கு மறந்துவிட்டதாம்.

கடையில் எனக்கு உயரமான நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று சோதிப்பது முடியவில்லை.

அக்கா

*

ஜூன் 27

அக்காவுக்கு,

அந்தச் சட்டை நினைவிருக்கிறது. வெளிர் நீலம். காலரில் மடிப்பு விழுந்துவிட்டது என்று உன்னிடம் கோபித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு: முதல் முறை சுமப்பவர்களுக்கு இருபது வாரம் போல் ஆகும். முன்பு சுமந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தெரிந்துவிடும். முதலில் உதை மாதிரி இருக்காது. கண்ணிமை துடிக்குமே, அது வயிற்றுக்குள் நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. பசி என்றோ வாயு என்றோ நினைப்பீர்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. அது குறைந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீண் பயம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளைப் பற்றி வேறு எதுவும் நான் கேட்கமாட்டேன். அவள் என்ன கேட்டாலும் எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிக்கிற நாளிலும் எழுதுகிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 17

ஒட்டடைக்குச்சிக்கு,

பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.

எழுபது மதிப்பெண். கண்ணிமை துடிப்பு என்று எழுதினாயே, அது சரியாகவே இருந்ததாம். அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டாள். வார்டில் யாரையோ கேட்டிருப்பான் என்றேன்.

நீ சோறு தின்கிறாயா? சித்தி சொன்னாள், முன்பைவிட இளைத்திருக்கிறாயாம். முன்பே உன்னை வைத்து மூலையில் ஒட்டடை அடிக்கலாம் என்றிருந்தது.

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். மாதா மாதம் டாக்டரிடம் போகிறாள். பிரஷர் சரியாக இருக்கிறதாம். முன்னால் நடந்ததை எல்லாம் டாக்டரிடம் சொல்லியும்விட்டாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஒன்று சொல்கிறாள், பஸ்ஸில் ஒருத்தி ஒன்று சொல்கிறாள், போனில் தேடினால் உலகத்து வியாதியெல்லாம் வருகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று ஒரே பக்கத்தில் எழுது. பயமுறுத்தாமல் எழுது. பரீட்சைக்கு முன்னால் உனக்கு இதுதான் கடைசிப் பாடம்.

அக்கா

*

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

செய்முறைத் தேர்வு இருபத்து நாலாம் தேதி. சோறு தின்கிறேன்.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவை வார்டு நர்ஸிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வார்த்தையை மாற்றினார்.

பயப்பட வேண்டாதவை: சாயங்காலம் கணுக்கால் வீங்குவது, காலை நீட்டினால் வடிந்துவிடுவது. நெஞ்செரிச்சல். முதுகுவலி. அடிக்கடி சிறுநீர். வயிறு அவ்வப்போது கல் மாதிரி இறுகித் தளர்வது. கனவில் என்னவெல்லாமோ வருவது.

அன்றே போக வேண்டியவை: காலையில் எழும்போதே முகமும் கையும் வீங்கியிருப்பது. மாத்திரை போட்டும் அடங்காத தலைவலி. கண்ணுக்கு முன்னால் மினுமினுப்பு, பொறி, மங்கல். வலது விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் வலி. இதை நெஞ்செரிச்சல் என்று நினைத்துவிடுவார்கள். பிரஷர் ஏறினால் இப்படித்தான் காட்டும். போன மாதம் சரியாக இருந்தது என்பதற்காக இந்த வாரம் சரியாக இருக்க வேண்டுமென்று இல்லை. விட்டால் வலிப்பு வரும். குழந்தைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. பிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது.

போன இடத்தில், "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், இரண்டு காரியம் செய்யாமல் நகரக் கூடாது. பிரஷர் பார்க்க வேண்டும். சிறுநீர் சோதிக்க வேண்டும். சண்டை போட்டாவது.

இந்தத் தாளை அவள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எடுக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்.

தம்பி

*

செப்டம்பர் 28

தம்பி,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கையில் குத்தியிருக்கும் ஊசிதான் காரணம்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி. ஆறு வாரம் முன்னதாகவே. ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். தானாக மூச்சு விடுகிறாள்.

கடைக்கு வரும் பெண் யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

இருபதாம் தேதி காலை. கடையில் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த எழுத்துகளுக்கு நடுவில் வெள்ளி வெள்ளியாக ஏதோ மினுங்கியது. விளக்குதான் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். அவரை அனுப்பிவிட்டு நானே நாற்காலியில் உட்கார்ந்து என் கண்ணைச் சோதித்தேன். கடைசி வரி வரைக்கும் படிக்க முடிந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் மினுமினுப்பு நிற்கவில்லை. பதினைந்து வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். கண் சரியாக இருக்கும்போது கண்ணில் கோளாறு தெரிந்தால், கோளாறு கண்ணில் இல்லை. முந்தின நாளிலிருந்தே தலைவலி. இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். டாக்டரிடம் போகும் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. உன் தாள் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கடையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உன் அத்தானைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். ஒரே கூட்டம். "எட்டாவது மாசத்துல எல்லாருக்கும் இப்படித்தாம்மா. தண்ணி நிறையக் குடிங்க, உங்க தேதிக்கு வாங்க" என்றாள். உன் அத்தான் எழுந்துவிட்டார். நான் எழவில்லை. "பிரஷர் பாருங்க. சிறுநீர் சோதிங்க. ரெண்டும் பாத்துட்டு அனுப்புங்க, போறேன்" என்றேன். "மிஷின் வேற வார்டுல இருக்கு" என்றாள். "வரட்டும், உக்காந்திருக்கேன்" என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "வரிசை நிக்குதும்மா" என்றார். நிற்கட்டும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காது அடைத்திருந்தது.

மிஷின் வந்தது. நூற்றெழுபதுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பெண் மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஓடினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அப்புறம் இரண்டு நாளும் என்னை விட்டு அவள் நகரவில்லை.

வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போதே பேனாவோடு ஒரு பையன் டாக்டர் கூடவே வந்தான். "எத்தனையாவதும்மா?" என்று கேட்டவன் அத்தானைப் பார்த்தான். நான் சொன்னேன், "மூணாவது. முதல்ல ஒண்ணு பத்து வாரத்துல போச்சு. ரெண்டாவது ஏழாம் மாசம் போச்சு. உயிரோட ஒண்ணும் இல்ல." அந்த நடைபாதையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். உன் அத்தான் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். "தேதி எங்கிட்ட இருக்கு சார்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். லிஃப்ட் எப்போது பழுது பார்த்தது என்று குறித்து வைப்பாரே, அந்த மாதிரிச் சீட்டு. என் இரத்த வகை, இரண்டு குழந்தைகளின் தேதி. முதலாவதுக்குத் தேதி அவர் எப்போது என்னிடம் கேட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் வேறு ஏதோ பேச்சில் மாதத்தைச் சொல்லியிருக்கிறேன். மாதம் மட்டும்தான் எழுதியிருந்தது.

வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. குழந்தையின் நுரையீரலுக்கென்று வேறு ஊசி. இரண்டு நாள் தள்ளிப்போட்டு, அதற்கு மேல் முடியாது என்று அறுத்து எடுத்தார்கள்.

மாமியார் நாலாம் நாள் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் பேசவில்லை. போய்விட்டார். போகட்டும்.

உனக்குச் சொல்ல அத்தான் துடித்தார். பரீட்சை முடியட்டும் என்று நான்தான் தடுத்தேன். என் புது நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் இதற்கு மட்டும் எழுதியே பதில் சொல். உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

அக்கா

*

அக்டோபர் 9

அக்கா,

கடிதத்தை விடுதி வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே போகவில்லை. காவலாளி, "வீட்ல எதாவது கெட்ட சேதியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

தெரியும். ஜூனிலிருந்தே தெரியும். உயரமான நாற்காலி என்று எழுதியிருந்தாய். பதினைந்து வருடம் நின்று வேலை செய்தவள் நீ. அதே கடிதத்தில் அசைவு எப்போது தெரியும் என்றும் கேட்டிருந்தாய். என்னால் தேதியைக்கூடத் தோராயமாகப் போட முடிந்தது. காலண்டரில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.

ஏன் கேட்கவில்லை என்பாய். நீ சொல்லவில்லை, அதனால் கேட்கவில்லை. ஒரு தடவை நீ சொல்லாததை நான் படித்து எல்லாருக்கும் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்வதுதான் நான் செய்யக்கூடிய ஒரே மரியாதை என்று நினைத்தேன். நீ அந்தப் பெண் என்று எழுதும்வரை நானும் அந்தப் பெண் என்றே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஜூலை முழுக்கக் கடிதம் வராதபோது சித்திக்கு மூன்று தடவை போன் செய்தேன். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது என் மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்?

பரீட்சை நடந்தது. எனக்குக் கிடைத்தவருக்கு நாலாவது கர்ப்பம். தங்கையும் கணவரும் கூட இருந்தார்கள். இருவரையும் வெளியே இருக்கச் சொன்னேன், திரையை இழுத்துவிட்டேன், உட்கார்ந்தேன், கேட்டேன். அவர் சொன்னார். நானும் பேராசிரியரிடம் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பெண் பேராசிரியர், "அவங்களை ஏன் வெளிய அனுப்பினீங்க?" என்று கேட்டார். "அவங்க இருந்தா பதில் சரியா வராது மேடம்" என்றேன். "எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார். "புத்தகத்துல இல்ல மேடம்." எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. அடுத்த மேஜையில் பிரசவக் கருவிகளைப் பெயர் சொல்லச் சொன்னார்கள். இரண்டை மாற்றிச் சொல்லிவிட்டேன். பொம்மையை எடுக்கும்போது தலை திரும்பிவிட்டது.

முடிவு நேற்று வந்தது. தேறுவதற்கு வேண்டியதற்கு மேல் மூன்று மதிப்பெண்.

குழந்தையைப் பற்றி எழுது. எடை எவ்வளவு, குழாய் வழியாகவா, வாய் வழியாகவா பால், மஞ்சள் காமாலை இருக்கிறதா? இந்தக் கேள்விகளை நேராகவே கேட்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 21

தம்பி,

மூன்று மதிப்பெண்ணுக்கு வாழ்த்து. மூன்றே போதும், கதவு திறந்துவிட்டது.

உன் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். மூன்று மாதம் தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறாய். மூன்று மாதம் நான் தனியாக ஒரு இல்லாத பெண்ணை நடக்கவைத்து, கடைக்கு வரவைத்து, கேள்வி கேட்கவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, "அக்கா, அது நீயா?" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து அழுதிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாற்காலியைப் பற்றி எழுதினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கண்ணாடிக் கடையில் எவளும் தன் நாற்காலியின் உயரத்தைக் கடிதத்தில் எழுதமாட்டாள்.

உன் அத்தானிடம் சொன்னேன். அவர் உன் பக்கம். "பாவம், சூடுபட்ட பையன், அவன் எப்படிக் கேப்பான்?" என்றார். பிறகு அவரே, "நான் கேக்கவே நாலு மாசம் ஆச்சு" என்றார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

ஆனால் இதைக் கேட்டுக்கொள். பத்து பேருக்கு முன்னால் படித்துக் காட்டுவது ஒரு தப்பு. தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது இன்னொரு தப்பு. இரண்டுக்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேட்டாயாமே உன் பரீட்சையில், அதுதான் அந்த இடம். என்னிடமும் அப்படிக் கேள். சொல்லப் பிடிக்காவிட்டால், பிடிக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அது என் வேலை.

குழந்தை போன செவ்வாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு கிலோ இருநூறு. பதினோரு நாள் குழாய் வழியாகப் பால், இப்போது வாயால். சப்பும்போது பாதியில் தூங்கிவிடுகிறாள், காதைத் தேய்த்து எழுப்ப வேண்டியிருக்கிறது. மஞ்சள் இருந்தது, நீல விளக்கில் வைத்தார்கள், போய்விட்டது. என் பிரஷர் இறங்கிவிட்டது, ஒரு மாத்திரை மட்டும் இன்னும் உண்டு. அத்தான் அவளைத் தூக்குவதற்கு முன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். கிரீஸ் எப்போதோ போய்விட்டது, அவர்தான் நம்பமாட்டேன் என்கிறார்.

மாமியாரிடமிருந்து நாலு சின்னச் சட்டை வந்திருக்கிறது. அவரே தைத்தது. கூட ஒரு வரியும் இல்லை. எல்லாம் இவளுக்கு மூன்று மடங்கு பெரிது.

உனக்கு வேலை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதென்று சித்தி சொன்னாள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, ரயிலேறு. இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே அழுகிறாள். பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, எதற்கென்றே தெரியவில்லை. உன் புத்தகத்தில் காரணம் இருந்தால் பார்த்துக்கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா.

அக்கா